பகர அடைப்பு கற்பித்த பாடம்

தமிழ்க் கட்டுரையில் ஒரு நிறுத்தக்குறியை விட்டுவிட்டால் மதிப்பெண் சிறிது குறையும். கணினியிடமோ ஒரு குறி விடுபட்டாலும் வேலையே நடவாது! இவ்வுண்மையை நாங்கள் நால்வரும் ஹாஸ்கெல் மொழி பழகியபோது கண்டுகொண்டோம். 1990இல் முதல் வரையறை வெளிவந்த இம்மொழி, ஹாஸ்கெல் கறி என்னும் அமெரிக்கக் கணித அறிஞரின் பெயரைத் தாங்கியது.

வகுப்புச் சேமிப்பைக் கூட்டிக் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதுவதே எங்கள் பயிற்சி. தாளில் எழுதி வைத்ததை நாங்கள் மூவர் வாசிக்க, தோழி ஒருத்தி தட்டச்சு செய்தாள். தொகைகளை [12, 8, 20] என்று பகர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டு எழுதினால் அது ஒரு பட்டியல். ஆனால், 5ஆம் வரியின் தொடக்கத்தில் பிழை என்று கணினி அறிவித்தது. "நீதான் தப்பாக அடித்துவிட்டாய்!" என்று அவளைக் கடிந்துகொண்டோம். அவள் கண்கள் கலங்கின. அவ்வரியை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை.

அப்பக்கம் வந்த சிஸ்டர், "அந்த வரியை விடுங்கள். அதற்கு மேல் வரியைப் பாருங்கள்" என்றார்கள். பார்த்தோம். 4ஆம் வரியில் பட்டியலைத் திறந்த அடைப்பு மூடப்படவே இல்லை! பட்டியல் முடியுமென்று எதிர்பார்த்த கணினி, அடுத்த வரி தொடங்கியதும் திகைத்து நின்றிருக்கிறது. எங்கள் தாளை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அடைப்பு இல்லை. நாங்கள் சொன்னதைத்தான் அவள் அப்படியே அடித்திருந்தாள். வெட்கத்துடன் மன்னிப்புக் கேட்டோம்.

அடுத்து, புதிதாக வந்த 15 ரூபாயைச் சேர்க்க [12, 8, 20] : 15 என்று எழுதினோம். மீண்டும் பிழை! இம்முறை அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள். இது குறிப் பிழையன்று, வகைப் பிழை. முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் தனிப் பொருளும் வலப்பக்கம் பட்டியலும் நிற்க வேண்டும். 15 : [12, 8, 20] என்பதே சரி. கடைசியில்தான் சேர்க்க வேண்டுமென்றால், 15ஐயும் ஒரு பட்டியலாக்கி, [12, 8, 20] ++ [15] என இணைக்க வேண்டும். அவள் சொன்னபடி மாற்றினோம். திரையில் 55 என்று விடை வந்ததும் நால்வரும் கைதட்டி மகிழ்ந்தோம்.

அன்பார்ந்த தோழியரே, பிழை தென்படும் இடம் வேறு; பிழை பிறந்த இடம் வேறு. ஒருவரைக் குறை கூறுமுன் ஒரு வரி மேலே பார்ப்போம். அங்கே நம் கையெழுத்தே இருக்கக் கூடும்!