மூடிவைத்த வண்டியும் செலவழிக்கும்

ஒன்ராறியோவில் ஒக்ரோபர் மாத நன்றி நவிலல் விடுமுறை முடிந்தால் முகாம் காலமும் முடிந்த மாதிரித்தான். அதன் பிறகு மே மாதத்தில் விக்ரோரியா தினம் வரும் வரை, ஏறக்குறைய ஏழு மாதம், ட்ரெயிலர்கள் வீட்டு வாசலிலோ வாடகைக்கு எடுத்த தரிப்பிடத்திலோ பனிக்குள் நிற்கும். நிறுத்துவதற்கு முன் எல்லோரும் சில வேலைகளை ஒழுங்காகச் செய்வார்கள். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே ஓடவிடுவார்கள். எலி நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பார்கள். மெத்தைகளை நிமிர்த்தி வைப்பார்கள். பற்றரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, அது பாட்டுக்குக் கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

என் மருமகனுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அல்கொன்குயின் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கிய பிள்ளைகள் மழையில் நனைந்து வந்ததைப் பார்த்து, பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கியிருந்தார். முதல் கோடை நன்றாகவே போனது. குளிர்காலம் முடிந்து, அதைக் காரில் கொழுவ ஆயத்தப்படுத்தினோம். முன்பக்க ஜாக்கியை உயர்த்தும் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் விளக்கும் இல்லை. எரிவாயுச் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் இருந்த பற்றரிப் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். பற்றரியின் பக்கச் சுவர்கள் இரண்டும் வெளியே தள்ளியிருந்தன. ஒரு மூலையில் மயிரளவு வெடிப்பு. அதன் ஓரம் ஈரமாக இருந்தது.

“எல்லாத்தையும் ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே விட்டனான், மாமா” என்றார்.

அவர் சொன்னது உண்மை. கதவைப் பூட்டுமுன் ஒவ்வொரு சுவிச்சாகத் தட்டிப் பார்த்தவர் அவர். வயது தந்த நன்மைகளில் ஒன்று, வாயைத் திறக்க முன் மீற்றரைத் திறக்கத் தோன்றுவது. புதுப் பற்றரி வாங்கிவந்ததும், அதன் நெகற்றிவ் முனையில் கம்பியைப் பூட்டாமல் முனைக்கும் கம்பிக்கும் நடுவே மல்ரிமீற்றரை வைத்தோம். பத்து அம்பியர் தாங்கும் துளையில்தான் மீற்றரின் கம்பியைச் செருக வேண்டும். எல்லாச் சுவிச்சும் ஓஃப். மீற்றர் 0.25 அம்பியர் காட்டியது.

“இது ஒண்டும் பெரிசில்லையே, மாமா.”

“பெரிசில்லைத்தான், தம்பி. ஆனா இருபத்துநாலு மணித்தியாலமும் போகுது.”

கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 6 அம்பியர்-மணி. பற்றரியின் கொள்ளளவு 100 அம்பியர்-மணி என்றால், எட்டு நாளில் பாதி காலி. இரண்டு வாரம் கடந்து இரண்டொரு நாளில் ஒன்றுமே இல்லை. ஏழு மாதம் நிற்கும் வண்டிக்கு நவம்பர் பிறக்கும் போதே பற்றரி முடிந்துவிட்டது.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒவ்வொன்றுக்கும் மீற்றரில் எண் கொஞ்சம் இறங்கியது. நேரத்தை நினைவில் வைத்திருக்கும் வானொலி, குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, தொலைக்காட்சி அன்ரெனாவின் பூஸ்ரர், கடைசியாக எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. புரோப்பேன் வாயு காற்றைவிடப் பாரமானது, கீழேதான் தேங்கும் என்பதால் அந்தக் கருவியைத் தரையோரம் பொருத்தியிருப்பார்கள். சின்னப் பச்சை விளக்கு ஒன்று அதில் இரவும் பகலும் எரியும். ஆள் இல்லாத வீட்டை மாதக்கணக்காகக் காவல் காத்த காவற்காரன் மாதிரி அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டரை மூடி, ஆட்களும் வெளியேறிய பிறகு அதற்கு ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். திரும்ப உள்ளே படுக்குமுன் மறக்காமல் வேலைக்கு அழைக்க வேண்டும்.

குளிர்தான் பற்றரியைக் கொன்றது என்று மருமகன் முதலில் நினைத்தார். முழுக் குற்றமும் குளிருடையது அல்ல. ஈய-அமிலப் பற்றரியை 1859இல் காஸ்ரோன் பிளான்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அதன் இயல்பு மாறவில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் உள்ளே அமிலம் செறிவாக இருக்கும். சுழியத்துக்குக் கீழே ஐம்பது பாகைக் குளிரிலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் ஈயத் தகடுகளில் போய்ச் சேர்ந்து, மிஞ்சுவது தண்ணீருக்குக் கிட்டவாகிவிடும். அது சுழியத்துக்குக் கீழே சில பாகையிலேயே உறைந்து, பருத்து, பெட்டியை வெடிக்க வைக்கும். உறையாமல் தப்பினாலும், தகட்டில் படிந்த சல்பேற் நாளாக நாளாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய பலம் வராது. உறைந்த பற்றரியைச் சார்ஜில் போடவே கூடாது; வெடிக்கக்கூடும்.

நான் இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1990க்குப் பிறகு சில ஆண்டுகள், போர் காரணமாக, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. ரோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் வானொலியின் குரலும் தேய்ந்துபோகும். உடனே இன்னொருவர் வந்து பெடலை வாங்கிக்கொள்வார். கரண்ட் சும்மா வருவதில்லை என்பதை என் தலைமுறை தோள் நோவில் படித்தது. சுவரில் செருகினால் கரண்ட் வருகிற நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பது அவர்களுடைய குற்றம் அல்ல. பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

இப்போது குளிர் தொடங்குமுன் மருமகனே எல்லாம் செய்கிறார். வண்டியிலிருந்து வெளியே தள்ளும் அறையை உள்ளே இழுத்து, ஜாக்கியைச் சரியான உயரத்தில் நிறுத்திவிட்டுத்தான் பற்றரியில் கை வைப்பார்; இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். வண்டியில் பற்றரியைத் துண்டிக்கும் சுவிச்சு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நம்பக் கூடாது. சில கருவிகளின் கம்பிகள் அதற்கு முன்னாலேயே பிரிந்து போயிருக்கும். வண்டி காரிலிருந்து கழன்றால் பிரேக் பிடிக்க வைக்கும் அவசர ஊசி அப்படிப்பட்டது. யாராவது அதை இழுத்துவிட்டால், பிரேக் காந்தங்கள் சில மணித்தியாலத்தில் பற்றரியைக் குடித்துவிடும். ஆகவே கம்பியையே கழற்றுவதுதான் நிச்சயம். கழற்றும்போது முதலில் நெகற்றிவ், பூட்டும்போது கடைசியில் நெகற்றிவ். நிறத்தை நம்பிவிடாதீர்கள். காரில் கறுப்பு நெகற்றிவ். இங்குள்ள ட்ரெயிலர்கள் பலவற்றில் கறுப்பு பொசிற்றிவ், வெள்ளை நெகற்றிவ். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுவது புத்தி.

தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீர் விட்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. காற்றோட்டமான கராஜில் வைத்து மாதம் ஒருமுறை அளந்தால் போதும். கொங்கிரீற் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய காலத்துப் பெட்டிகளுக்குச் சொன்ன கதை. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பொருந்தாது. லிதியம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு பெண்மணி இருக்கிறார். அவர்களுடைய ட்ரெயிலரை விற்க மனமில்லாமல் வாசலிலேயே வைத்திருக்கிறார். ஒரு பற்றரி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ. அவரால் தூக்க முடியாது. மருமகன் போய்க் கழற்றிக் கொண்டுவந்து எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்து, ஒட்டுநாடாவில் வீட்டு இலக்கத்தை எழுதி ஒட்டினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை மீற்றரோடு போகும்போது இரண்டையும் அளந்து, எண்ணை அந்த நாடாவிலேயே குறித்துவைக்கிறார். பற்றரி வெடித்துக் கிடந்த அன்றைக்கு நான் கோபப்பட்டிருந்தால் அவர் புதுப் பற்றரி வாங்கியதோடு நின்றிருப்பார். இந்தப் பழக்கம் வந்திருக்காது.

ஒரு பொருள் குறைந்துபோனால் யார் பிழை என்று தேடுவதுதான் எங்கள் எல்லோருக்கும் முதலில் வருகிறது. அது எங்கே போகிறது என்று இரண்டு பேருமாகக் குந்தியிருந்து அளந்து பார்த்தால், பெரும்பாலும் பிழை செய்த ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். கண்ணில் படாத கால் அம்பியர் ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது. வீட்டில் காசு குறைந்தாலும், மனிதருக்கு மனிதர் பேச்சுக் குறைந்தாலும், நான் இப்போது இதே வழியில்தான் தேடிப் பார்க்கிறேன். அனேகமாக அகப்படுகிறது.