காடா? தோட்டமா?

'பூமியைப் போல இன்னொரு கிரகம்!' இப்படி ஒரு செய்தி அடிக்கடி உங்க செல்போனுக்கு வருதுல்ல? 'சூப்பர்'னு நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணிட்டுப் போயிடுவீங்க. இந்த வாட்டி ஒரு நிமிஷம் நில்லுங்க ப்ரெண்ட்ஸ்!

அப்படி வந்ததில் எனக்குப் பிடித்தது டிராப்பிஸ்ட்-1. சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் ஒரு குட்டிச் சிவப்பு நட்சத்திரம். சைஸில் நம்ம வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. 2016-ல் அதைச் சுற்றி மூன்று கிரகங்கள் இருப்பதாக அறிவித்தவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கிகளில், லடாக் ஹான்லேயில் இருக்கும் நம்ம 'சந்திரா'வும் ஒன்று. வாணியம்பாடி பக்கம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி அது. 2017-ல் கணக்கு ஏழாச்சு. ஏழுமே பாறைக் கிரகங்கள்!

தாராபுரத்தில் எங்க அப்பிச்சியிடம் சொன்னேன்: "ஏழுல மூணு, மனுசன் வாழற தூரத்துல இருக்குதுங்க அப்பிச்சி."

"தண்ணி இருக்குதா கண்ணு? இல்லாட்டி அது காடுதான்."

எங்க பக்கம் மானாவாரி நிலம் காடு. கிணற்றுத் தண்ணி பாய்ந்தால்தான் தோட்டம். விலையே வேற!

'வாழத்தகு மண்டலம்' என்பதற்கும் அர்த்தம் அவ்வளவுதாங்க. காற்று மண்டலம் இருந்தால், அந்தத் தூரத்தில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கலாம். 'இருந்தால்'! தூரத்தை மட்டும் பார்த்தா நம்ம நொய்யலும் அந்த மண்டலத்தில்தான் ஓடுது. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட வேண்டி வந்ததே...

சரி, காற்று இருக்கானு எப்படிப் பார்ப்பது? பிசிக்ஸ் முடிச்சிட்டு நான் வேலை பார்ப்பது சாய லேபில். துணியில் பட்டுத் திரும்பும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவுன்னு மெஷின் அளக்கும். ஷேடு சரியானு சொல்லிடுவோம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். கிரகம் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது, அதன் காற்று எந்த நிறத்தை விழுங்குதுன்னு பார்க்கும்.

ஒரே தொல்லை, விளக்கு! ட்யூப்லைட்டில் ஒரு ஷேடு, வெயிலில் ஒரு ஷேடு தெரியுமே, அந்தக் கதைதான். டிராப்பிஸ்ட்டின் உடம்பெல்லாம் புள்ளிகள்; அடிக்கடி சீறவும் செய்யும். அதனால்தான் மண்டலத்துக்குள் இருக்கும் 'இ' கிரகத்தைப் பற்றி 2025-ல் வந்த முதல் முடிவுகள் ஆமா, இல்லை இரண்டையும் சொல்லவில்லை.

முதல் கிரகமான 'பி'யின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி, காற்று இருக்கும் அறிகுறியே இல்லைன்னு 2023-லேயே வெப் அளந்து சொன்னது. இப்போ அந்த மொட்டைப் பாறைதான் ஸ்டாண்டர்டு சாம்பிள். 'பி'யும் 'இ'யும் அடுத்தடுத்துக் குறுக்கே போகும் நேரம் பார்த்து, ஒரே விளக்கில் ரெண்டையும் ஒப்பிடுகிறார்கள். எங்க லேபிலும் இப்படித்தாங்க!