வெள்ளைக் கோடு

ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பை ஒற்றைக் கையில் நேராக நீட்டிப் பிடித்தால் யாருடைய கையும் ஆடும். முப்பது ஆண்டுகள் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த என் கையும் ஆடும். இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டே ஐம்பது கஜம் தள்ளி இருக்கும், மூன்றரை அங்குலத்துக்கும் சற்றே குறைந்த வட்டத்துக்குள் குண்டு போடும் மனிதர்களைக் கோடையில் இரண்டு நாள் அருகிருந்து பார்த்தேன். அவர்களுக்கு ஆயுதம் செய்துகொடுக்கும் ஒரு கிழவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மகள் கிளீவ்லண்டில் இருக்கிறாள். அந்த ஊர் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனையால் பழக்கம். எனக்கோ பக்கத்து வீட்டு அம்மையாரால் பழக்கமானது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு, போட்டிகளில் துப்பாக்கி சுடுபவர். நான் ஃபிட்டர் என்று தெரிந்த நாளே, "அப்படியானால் நீங்கள் கேம்ப் பெர்ரிக்கு வந்தே ஆகவேண்டும். உங்கள் பாஷை பேசுகிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார்" என்றார். தமிழ் பேசுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது இரும்பின் பாஷை.

கேம்ப் பெர்ரி ஒஹையோ மாநிலத்தில் போர்ட் கிளிண்டன் ஊருக்கருகே, ஈரி ஏரியின் கரையில் இருக்கும் தேசியக் காவற்படை முகாம். 1813இல் இந்த ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்களை வென்ற ஆலிவர் பெர்ரியின் பெயரைத் தாங்கியது. அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் 1907இல் இங்கே வந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய, இத்தாலியக் கைதிகளை இங்கே அடைத்து வைத்திருந்தார்களாம். மேற்கே திரும்பினால் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் தெரிகிறது. ஏரிக்காற்று ஓய்வதே இல்லை. நீட்டிய கைக்கு அந்தக் காற்றுதான் முதல் எதிரி.

இங்கே நடப்பது வேகப் போட்டி அல்ல. புல்ஸ்ஐ என்று அழைக்கிறார்கள். ஒரு கை துப்பாக்கியில், மற்றக் கை பேன்ட் பையில். மூன்று வகைத் துப்பாக்கிகள்: பாயிண்ட் 22, சென்டர்ஃபயர், பாயிண்ட் 45. ஒவ்வொன்றிலும் தொண்ணூறு குண்டு, ஒரு குண்டுக்கு உச்ச மதிப்பெண் பத்து. எல்லாம் சேர்ந்தால் 2700. அதனால் போட்டிக்கும் அதுவே பெயர். ஐம்பது கஜத்தில் பத்து நிமிடத்துக்குப் பத்து குண்டு. பிறகு இருபத்தைந்து கஜத்துக்கு வந்து இருபது நொடிக்கு ஐந்து, கடைசியில் பத்து நொடிக்கு ஐந்து. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவர் முன்னும் மரப்பெட்டி ஒன்று திறந்திருக்கிறது. மூடியில் தொலைநோக்கி, உள்ளே பள்ளம் பள்ளமாகத் துப்பாக்கிகள். நம் ஊர் நாவிதரின் பழைய தகரப்பெட்டியில் இருக்கும் ஒழுங்கு அந்தப் பெட்டிகளிலும் இருந்தது. சுட்டு முடித்ததும் எல்லாத் துப்பாக்கியிலும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கொடி செருகப்படுகிறது, குண்டறை காலி என்பதற்கு. அதற்குப் பிறகுதான் யாரும் இலக்கை நோக்கி நடக்கலாம்.

நான் அங்கே பார்த்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் தலையில் ஒரு சிறு குழாயோ கண்ணாடிச் சன்னலோ இருந்தது. ரெட் டாட், அதாவது சிவப்புப் புள்ளிக் குறி. நம் நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஒலிம்பிக் பிஸ்டல் விதிகள் லென்ஸோ ஒளிப்புள்ளியோ உள்ள குறிகளை அனுமதிப்பதில்லை. பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் வெறும் இரும்புக் குறியால் வாங்கியவை.

இரும்புக் குறியில் கண் மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும்: பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு தூண், தூரத்தில் கறுப்பு வட்டம். ஒரே நேரத்தில் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி எந்தக் கண்ணும் படைக்கப்படவில்லை. முன்தூண்தான் தெளிவாக வேண்டும், மற்றவை மங்கட்டும் என்று பழகிக்கொள்வார்கள். வெள்ளெழுத்து வந்தவுடன் அந்த முன்தூணே போய்விடுகிறது. "ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அது கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது" என்றார் அம்மையார். அவர் விளையாட்டைக் கைவிட இருந்த சமயத்தில் கைக்கு வந்தது இந்தப் புள்ளி.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது, அழகானது. வளைந்த கண்ணாடி ஒன்று. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு அதன்மேல். அதன் குவியத்தில் மணலளவு எல்ஈடி. குவியத்திலிருந்து கிளம்பிய ஒளி கண்ணாடியில் பட்டு இணைக் கதிர்களாகத் திரும்புவதால், புள்ளி பக்கத்தில் இல்லாமல் இலக்கு இருக்கும் தூரத்தில் மிதப்பது போலத் தெரியும். கண் கொஞ்சம் விலகினாலும் புள்ளி அநேகமாக அதே இடத்தையே காட்டும். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், 1974இல், ஹெர்ஷல் ஆண்டர்சன் என்ற ராணுவ வீரர் இரும்புக் குறியை வைத்துக்கொண்டே 2700க்கு 2680 எடுத்துவிட்டார். ரெட் டாட் வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்த எண் அசையாமல் நின்றது. புள்ளி புண்ணியம் சேர்க்கும் என்று நம்பிக் கடைக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த எண்ணைத்தான்.

துப்பாக்கிக் கைவினைஞரின் கடை முகாமுக்குள் ஒரு சிறு கொட்டகை. எழுபது கடந்தவர். கூடவே உதவிக்கு இருபத்து நான்கு வயதுப் பெண், அவரிடம் தொழில் கற்கிறாள். நான் போன நேரம் அவர் ஓர் இளைஞனுக்குப் புள்ளி வாங்க உதவிக்கொண்டிருந்தார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணாடியைச் சுவருக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். "நட்சத்திரம் மாதிரி சிதறியிருக்கிறது" என்றான் பையன். அவன் கைப்பேசியைச் சன்னலுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. "குறை இதில் இல்லை, உன் கண்ணில் சிதறல் பார்வை இருக்கிறது. முதலில் கண் மருத்துவரிடம் போ, அப்புறம் என்னிடம் வா." விற்கவேண்டிய பொருளை விற்காமல் அனுப்பினார். எனக்கு அந்தக் கணத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், ஐம்பதில் அரை அங்குலம். ஆக நான்கு எம்.ஓ.ஏ. புள்ளி ஐம்பது கஜத்தில் இரண்டு அங்குலத்தை மறைக்கும், பத்து மதிப்பெண் வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆறு என்றால் அந்த வட்டத்தை ஏறக்குறைய முழுக்க மூடிவிடும். வேகமாக ஓடிச் சுடும் போட்டிக்காரர்கள் பெரிய புள்ளி கேட்பார்கள், கண் சட்டென்று கண்டுபிடிக்கும் என்பதால். இங்கே இரண்டு, மூன்று, நான்கு போதும். வெளிச்சத்தையும் குறைத்துத்தான் வைக்கவேண்டும். கூட்டினால் புள்ளி பூத்துவிடும், பூத்த புள்ளிக்கு விளிம்பு இருக்காது. பேட்டரியை மேலிருந்து மாற்ற முடியுமா என்றும் பார்க்கச் சொன்னார். அடியில் பேட்டரி இருக்கிற மாதிரியில், மாற்றும்போதெல்லாம் குறியையே கழற்றவேண்டும். கழற்றினால் மறுபடி சுட்டுச் சரிபார்க்கவேண்டும்.

இதெல்லாம் சாமான் வாங்கும் சங்கதி. நான் வியந்தது அடுத்த சங்கதியில்.

பாயிண்ட் 45 என்றால் இங்கே அநேகமாக 1911 மாதிரிதான், நூற்றாண்டு கடந்த வடிவம். குண்டு வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் மேற்பகுதியான ஸ்லைடு பின்னால் பாய்ந்து, முட்டி, முன்னால் அறைந்து நிற்கிறது. புள்ளிக் கருவியை அந்த ஸ்லைடின் முதுகில் பொருத்தினால் அதுவும் கூடவே போய்வருகிறது. ஒரு போட்டியில் குறைந்தது தொண்ணூறு முறை. கனம் கூடியதால் ஸ்லைடு சோம்பும். இலக்குக்காரர்களின் மென்மையான வெடிமருந்து அதை முழுக்கப் பின்னால் தள்ளாமல் போகலாம். அதனால் வழக்கமான 16 பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு அளவில் போடுகிறார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாகவேண்டும்.

கிழவர் பேரலின் காதை ஸ்லைடின் உள்பள்ளத்தில் ஒட்டவைப்பதைப் பார்த்தேன். நீல மசியைத் தடவி, பூட்டி, கழற்றி, எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஒரே இழுப்பு. மறுபடி நீலம். மறுபடி பூட்டு. நாங்கள் பிரஷ்யன் ப்ளூ பூசி சர்ஃபேஸ் பிளேட்டில் தேய்த்துச் சொல்லிக்கொடுத்த அதே பாடம், அதே வரிசை. அவர் என் விரல் நகங்களைப் பார்த்தார், நான் அவருடையதை. பேச்சு தேவைப்படவில்லை. பெண்ணிடம் மட்டும் சொன்னார்: "எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் அரத்தை எடுக்குமுன் யோசி." இதே வாக்கியத்தை எத்தனை வருடம் நான் சொல்லியிருக்கிறேன்!

அம்மையாரின் சனிக்கிழமை மோசமாகப் போனது. நிதானச் சுற்றில் வழக்கமாகத் தொண்ணூற்று ஐந்துக்கு மேல் எடுப்பவர் எண்பத்தாறில் நின்றார். காரணம் தன் விரல்தான் என்று தீர்மானித்துவிட்டார். மாலை முழுக்க, காலித் துப்பாக்கியை இரண்டு முறை சோதித்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிக்கரை இழுத்துப் பழகினார். சுவரில் குறி ஏதும் இல்லாததால் கண்ணுக்கு வேலை புள்ளியைப் பார்ப்பது மட்டும். ட்ரிக்கர் விடுபடும் கணத்தில் புள்ளி துள்ளினால் விரல் தவறு. சும்மா மிதந்தால் சரி. எனக்கும் ஒருமுறை கொடுத்தார். புள்ளி நிற்கவே இல்லை, எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. இரும்புக் குறியில் இந்த ஆட்டம் மங்கலுக்குள் ஒளிந்துகொள்ளும், இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. "நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்" என்றார் அம்மையார். "காத்திருந்தால் 'இதோ' என்று கண் சொல்லும்போது விரல் பிடுங்கிவிடும். ஆடட்டும். ஆடிக்கொண்டிருக்கும்போதே விரல் தன் போக்கில் நேராகப் பின்னால் வரட்டும்." நாலைந்து முறைக்குப் பிறகு எனக்கும் ஒருமுறை புள்ளி துள்ளாமல் விடுபட்டது. உடம்பு முழுக்க ஓர் அமைதி இறங்கியது. அந்த அமைதிக்காகத்தான் இவர்கள் நாற்பது வருடமாக இங்கே வருகிறார்கள் என்று புரிந்தது.

ஆனால் அவருடைய இலக்குத் தாள் என் மனதை விட்டுப் போகவில்லை. பத்து ஓட்டைகளில் ஆறு ஒரு கொத்து, நான்கு இன்னொரு கொத்து, இடையே வெற்றிடம். இரவு தாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தோம். கிழவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "ஆடும் கை வட்டமாகச் சிதறும். தப்பான விரல் ஒரே பக்கம் இழுக்கும். இரண்டு கொத்து என்றால், ஏதோ ஒன்று இரண்டு இடத்தில் உட்காருகிறது."

துப்பாக்கியைச் சோதித்து, விளக்கடியில் திருப்பினார். புள்ளிக் கருவியைப் பிடித்திருக்கும் தாங்கியில் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் தாங்கி வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, பெயின்டால் இழுத்தது. திருகு நகர்ந்தால் கோடு முறியும். முன் திருகில் கோடு மயிரிழை விலகியிருந்தது. வேறு யாரோ பொருத்திய தாங்கி அது. கழற்றி, ஸ்லைடின் முதுகில் நீலம் தடவி, தாங்கியை அழுத்தி எடுத்தார். அடிப்பக்கத்தில் நீலம் இடது ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. வலப்பக்கம் வெறும் இரும்பு. அதாவது தாங்கி உட்காரவில்லை, ஒரு விளிம்பில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் திருகே அடியை வாங்கியது.

அம்மையார் அந்த நீலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இதில் நீங்கள் இல்லை" என்றார் கிழவர்.

நடு இரவு தாண்டிப் போனது வேலை. பெண் விளக்கைப் பிடித்தாள். கிழவர் ஸ்க்ரேப்பரை என் பக்கம் நீட்டினார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதை நான் உயரத்தில் வைப்பேன். ஆறு முறை நீலம் பூசினோம். ஏழாவது முறை நீலம் தாங்கியின் அடி முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பரவி வந்தது. எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, திருகில் பிடிமானப் பசை ஒரு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்கினார். கடைசியில் பெண் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, புதிதாக வெள்ளைக் கோடு இழுத்தாள்.

ஞாயிறு காலை அம்மையார் ஐம்பது கஜத்தில் புள்ளியை மறுபடி சரிசெய்துகொண்டார். பிறகு இருபத்தைந்து கஜத்துக்கு வந்து, பத்து நொடிச் சுற்று. இலக்குகள் திரும்பின, ஐந்து வெடி, இலக்குகள் மறைந்தன. மறுபடி ஐந்து. மஞ்சள் கொடியைச் செருகித் துப்பாக்கியைப் பெட்டிமேல் வைத்தார். இலக்கைப் பார்க்க எல்லோரும் நடந்தார்கள். நான் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கோட்டைப் பார்த்தேன். முறியவில்லை.

அவர் தாளோடு திரும்பி வந்தார். ஒரே கொத்து. அதில் எட்டு நடுவே. இரண்டு மட்டும் கீழே இடப்பக்கம், எட்டாம் வட்டத்தில், விரல் பிடுங்கினால் விழுகிற இடத்தில்.

"இந்த இரண்டும் என்னுடையவை" என்று தொட்டுக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.