சாமி காரியம் செய்யும் உடம்புக்கும் கவனிப்பு வேணும்

ஓம் சரவணபவ. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

தைப்பூச வேலைகள் ஆரம்பிச்சாச்சு. நம்ம கோயில்ல வழக்கமா வர்ற சிலர் இந்த வருஷம் ஒதுங்கி நிற்கிறாங்க. காரணம் மனஸ்தாபம் இல்ல, வலி. முட்டி, இடுப்பு, குதிகால். ஆனா யாரும் வாய் திறந்து சொல்றதில்ல. மடப்பள்ளியில் வேலை செய்யும் ஒரு அக்காகிட்ட கேட்டேன். "சாமி வேலைக்குப் போய் வலினு எப்படி தம்பி சொல்றது?"னு திருப்பிக் கேட்டாங்க.

வலியைச் சொல்றது பக்திக் குறைவு இல்லைங்க. விரதம் இருப்பது மனசு. அண்டாவைத் தூக்குவது முதுகு. முதுகுக்கு ஒரு கணக்கு இருக்கு.

ஒரு லிட்டர் சாம்பார் ஏறக்குறைய ஒரு கிலோ. 40 லிட்டர்னா பாத்திரத்தோட சேர்த்து 40 கிலோவைத் தாண்டும். நான் சூப்பர்வைசரா இருக்கும் தொழிற்சாலையில் 25 கிலோவுக்கு மேல் ஒரு ஆள் தனியா தூக்க விடமாட்டோம். கோயிலில் மட்டும் "முருகா"னு ஒரு சத்தம் போட்டுத் தூக்கிடுறோம். இனி சாம்பாரை சின்ன வாளியில் மொண்டு கொண்டு போங்க. அரிசி மூட்டைக்கு ரெண்டு பேர், இல்லனா தள்ளுவண்டி. தூக்கும்போது முட்டியை மடக்கி, சுமையை உடம்போட ஒட்டிப் பிடிங்க. இடுப்பை முறுக்காதீங்க, காலை எடுத்து வச்சுத் திரும்புங்க.

அந்த அக்காவுக்கு குதிகால். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்குனு குத்தும், நடக்க நடக்க குறையும். பாதத்துக்கு அடியில் இருக்கும் தசைநார் நொந்து போனா இப்படித்தான். டைல்ஸ் தரையில் மணிக்கணக்கா வெறுங்காலோட நிற்கும் நமக்கு இது சகஜம். மடப்பள்ளியில் நிற்கும் இடத்தில் தடிமனான பாய் ஒண்ணு போடுங்க. தண்ணீர் பாட்டிலை ஐஸ் ஆக்கி, துணி சுற்றி, பாதத்துக்கு அடியில் உருட்டுங்க. சுவரைப் பிடிச்சு கெண்டைக்காலை 30 விநாடி நீட்டி இழுங்க, மூணு தடவை.

பத்துமலை 272 படி. முட்டிக்கு ரொம்ப பாரம் இறங்கும்போதுதான். ஒரு முட்டி மட்டும் வலிச்சா, ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கும் கால் முதல்ல. கைப்பிடியை விடாதீங்க. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரா நீட்டி 5 விநாடி பிடிங்க, ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. தொடை பலமானா முட்டிக்கு பாரம் குறையும்.

காவடி எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 48 நாள் விரதம் இருக்கீங்க, தோளுக்கும் காலுக்கும் ஒரு நாள்கூட பயிற்சி கொடுக்கறதில்ல. இப்பவே தினமும் நடங்க, வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டுங்க.

கால் சுளுக்கினா உடனே எண்ணெய் போட்டு நீவாதீங்க. முதல் ரெண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம். கட்டுப் போட்டு காலை உயர்த்தி வைங்க. நாலு அடி எடுத்து வைக்க முடியலனா எக்ஸ்ரே பார்க்கணும்.

பிசியோதெரபினா கரண்டு வைக்கிறது, சூடு வைக்கிறதுனு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதில் பெரும்பங்கு நாம வீட்டில் செய்யும் பயிற்சிதான். நம்ம பெரியவர் ஒருத்தர் இடுப்பு வலிக்கு மாசக்கணக்கா கோயோ பிளாஸ்டர் ஒட்டியே ஓட்டினார். பிசியோவில் நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. தினமும் சாமி கும்பிட்ட கையோட செஞ்சார். ரெண்டு மாசத்தில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட ஆரம்பிச்சிட்டார். "படுத்தே இருந்தா இன்னும் மோசமாயிருக்கும்னு அங்கதான் சொன்னாங்க" என்பார்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். டாக்டர் பார்த்து, தேவைப்பட்டா ஆஸ்பத்திரி பிசியோவுக்குக் கடிதம் கொடுப்பார். தேதி கிடைக்க நாளாகலாம், அதனால் தைப்பூசம் முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க. வேலை இடத்தில் அடிபட்டிருந்தா சொக்சோவில் கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. இடுப்பு வலியோட கால் பலம் இழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடணும்.

ஞாயிறு காலை கோத்தோங் ரோயோங் தொடங்கும் முன் 10 நிமிஷம் எல்லாரும் சேர்ந்து கை கால் நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வோம். வலி இருக்கிறவங்க என்கிட்ட தனியா சொல்லுங்க. பூ கட்ட, காய் நறுக்க, அர்ச்சனை சீட்டு எழுத ஆள் வேணும். உட்கார்ந்து செஞ்சாலும் அது சேவைதான்.

வேலும் மயிலும் துணை 🙏