எழுத்துக் கோத்தவர்

கல்யாணப் பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயரைப் பொடி எழுத்தில் போடுவார்கள். எழுத்துக் கோத்தவரின் பெயர் எங்கேயும் வராது. என் அப்பா மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாஸிட்டர். தை, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் ராத்திரியும் வேலை நடக்கும். ஊரில் பாதிப் பேர் கல்யாணம் எங்கப்பா கை வழியாகத்தான் நடந்தது என்று சிநேகிதிகளிடம் பெருமையடிப்பேன். சந்துக்குச் சந்து அச்சகம் இருந்த காலம் அது. நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான்.

பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். சாய்வாக நிறுத்திய மரக் கேஸ்கள், அவற்றில் அறை அறையாக ஈய எழுத்துகள். கு, கூ, மு, மூ ஒவ்வொன்றும் தனி வார்ப்பு என்பதால், ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அறைகள் எவ்வளவோ அதிகம். அப்பாவின் கண் கைப்பிரதியில் இருக்கும். வலது கை தானாக அறைக்குப் போய் எழுத்தை எடுத்துவரும். இடது கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக்; கடைசியாக வைத்த எழுத்து சாயாமல் கட்டைவிரல் அணைத்திருக்கும். இடவலம் மாறிய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி, தலைகீழாகவே வாசிப்பார். அந்தப் பழக்கத்தில், பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் மடியில் கிடக்கும் பேப்பரைக்கூடப் படித்துவிடுவார். அம்மாவுக்கு அது மகா வெட்கம்.

வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய் வாசம்தான் முதலில் வரும். சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் விரல் நுனியில் ஈயக் கறுப்பு மிச்சமிருக்கும். அந்த விரலால் என் காதைத் திருகினால் காதும் கறுக்கும்.

1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை போன்ற பழைய வளைவை இழந்தன. ணா, றா, னா சுழி மாறின. அச்சகத்துக்குள் அது ஒரே நாளில் வரவில்லை. பழைய எழுத்துதான் வேண்டும் என்று கேட்கிற பெரியவர்கள் இருந்தார்கள். புது முறையில் கோக்கும்போதும் அப்பாவின் கை பழைய அறைக்குப் போய்த் திரும்பும். கடைசிவரை அவர் கையெழுத்தில் தும்பிக்கை போகவே இல்லை. அவர் எழுதிய மளிகைச் சீட்டு ஒன்று ரேஷன் கார்டு உறைக்குள் கிடைத்தது: துவரம் பருப்பு, கடலை, வெற்றிலை. அந்த ‘லை’ இரண்டையும் பார்த்தால் போதும் எனக்கு. போட்டோவில்கூட அவர் அவ்வளவு அவராக இல்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் முதலாளி எழுத்துகளை எடைக்குப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. ஆப்செட்டில் அடித்த முதல் பத்திரிகையை அப்பாவிடம் காட்டினேன். படிக்கவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார். “எழுத்து தட்டுப்படவே இல்லையே பாப்பா” என்றார்.

எத்தனையோ பேருக்குக் கறுப்புக் கரை கட்டிக் கருமாதிப் பத்திரிகை கோத்தவர். அவருடையதை டி.டி.பி. சென்டரில் ஒரு பையன் டீ ஆறுவதற்குள் அடித்துக் கொடுத்தான். நல்ல பையன், குறையொன்றும் இல்லை. ஆனால் ‘சிவலோகப் பதவி’ இரண்டாக உடைந்து, ‘பதவி’ மட்டும் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. அப்பா விட்டிருக்க மாட்டார். ப்ரூஃப் பார்க்க அன்று வீட்டில் அவரைப் போல ஆள் இல்லை. இப்போதும் எந்தப் பத்திரிகை வந்தாலும் வரி எங்கே உடைகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பிழை கண்டால் காட்டுவதற்கு ஆள் தேடுகிறது மனசு.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தை ஒரு தரம் விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும்.