ரஷ்ய மொழி பேசிப் பழக எந்த ஊருக்குப் போகலாம்?



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ரஷ்ய மொழி எதுக்குடா?" என்று என்னைக் கேட்காதவர் நம் ஹாஸ்டலில் யாரும் இல்லை. காரணம் என் சித்தப்பா. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் காண்டிராக்ட் ஃபிட்டர். 1988-ல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தில் உருவான நிலையம் அது. முதல் உலையின் மின்சாரம் 2013-லும், இரண்டாவது உலையின் மின்சாரம் 2016-லும் வெளியே வந்தன. பொங்கலுக்கு வந்தபோது சித்தப்பா சொன்னார்: "அந்த எழுத்தைப் பார்க்கிறப்ப எல்லாம், படிக்கத் தெரிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுதுடா." அவருக்கு வயதாகிவிட்டது. நான் படிக்க ஆரம்பித்தேன்.

33 எழுத்துகளும் பத்து நாளில் வந்துவிட்டன. தமிழில் எட்டு வேற்றுமை படித்த நமக்கு அவர்களுடைய ஆறு வேற்றுமை பெரிய பயம் காட்டவில்லை. வினைச்சொல்தான் ஆளைப் பாடாய்ப் படுத்துகிறது. நாம் 'போகிறேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அவர்களுக்கு நடந்து போனால் ஒரு சொல், வண்டியில் போனால் வேறு சொல். இப்போது போவதற்கு ஒன்று, அடிக்கடி போய்வருவதற்கு இன்னொன்று! எழுதுவது 'ஸ்பசிபோ', சொல்வது 'ஸ்பசீபா'. இதெல்லாம் நோட்டில் எழுதி வராது. லேத்தைப் பற்றி எவ்வளவு தியரி படித்தாலும், ஜாப் மாட்டி ஓட்டினால்தானே கை வரும்? மொழியும் அப்படித்தான். பஸ் ஸ்டாப்பில் நின்று நாலு பேரிடம் வழி கேட்க வேண்டும்.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை வேலை பார்த்துச் சேர்த்த பணமும், பாதி டிக்கெட்டுக்குச் சித்தப்பா கொடுத்த வாக்கும்தான் கையிருப்பு. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காணும். எந்த ஊர்?

முதலில் மனதில் வந்தது மாஸ்கோதான். பேப்பர் படிக்கும் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அங்கே மட்டும் வேண்டாம்ப்பா." வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் சிலர் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தி 2024-ல் வந்ததை அவர் மறக்கவில்லை. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2022 மார்ச்சில் அங்கே வேலையை நிறுத்தியதால், நம் ஊர் கார்டை நம்பியும் போக முடியாது.

அடுத்து பெலாரஸின் மின்ஸ்க். 1995-லிருந்து ரஷ்யமும் அங்கே அரசு மொழி. காது நிறையக் கேட்கலாம். ஆனால் செலவும் தூரமும் என் பைக்கு அடங்காது. ஜார்ஜியாவின் திபிலிசியில் பெரியவர்கள் ரஷ்யம் பேசுவார்கள்; இளைஞர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். 2008-ல் ரஷ்யாவோடு நடந்த போரின் கசப்பும் அங்கே இருக்கிறது.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் ரொம்பவே இழுத்தது. 'ஜமீலா' எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவின் நாடு. நம்மவர்கள் தமிழிலேயே படித்து உருகிய கதை அது. ரஷ்யம் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. பள்ளியில் எனக்கு சீனியராக இருந்த அண்ணன் ஒருவர் அங்கே எம்.பி.பி.எஸ். படிக்கிறார். "வாடா, ரூமிலேயே தங்கிக்கலாம்" என்றார். அங்கேதான் யோசித்தேன். அண்ணன் ரூமில் தங்கினால் பதினைந்து நாளும் சாம்பார் சாதமும் தமிழும்தான். திரும்பி வரும்போது என் ரஷ்யம் போனபடியே வந்து சேரும்!

கடைசியில் நின்றது கசகஸ்தானின் அல்மாட்டி. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், சென்னையிலிருந்து டெல்லி இருக்கும் தூரம்கூட டெல்லியிலிருந்து அல்மாட்டி இல்லை. இந்தியர்கள் 14 நாள் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று 2022 ஜூலையில் அறிவித்தார்கள். கடை, பஸ், மெட்ரோ எங்கும் ரஷ்யம் புழங்குகிறது. முக்கியமாக, எனக்கு அங்கே தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அந்த ஊரில் ரஷ்யம் எப்படி வந்தது? 1930-களின் ஆரம்பத்தில், சோவியத் ஆட்சி மேய்ச்சல் மக்களின் ஆடுமாடுகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணையில் தள்ளியபோது, பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். பிறகு வெளியிலிருந்து லட்சக்கணக்கில் குடியேற்றம். 1959 கணக்கெடுப்பில், சொந்த மண்ணிலேயே கசாக் மக்கள் சுமார் 30 சதவீதம்தான். கசாக் மொழி வீட்டுக்குள் ஒடுங்கியது. 1991-ல் விடுதலை வந்த பிறகுதான் அது நிமிர ஆரம்பித்தது.

1965-ஐ மறக்காத ஊர்க்காரர்கள் நாம். சென்னை பஸ்ஸில் ஒருவர் ஏறி, "நான் இந்தி பழக வந்திருக்கிறேன், இந்தியிலேயே பேசுங்கள்" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதையேதானே நான் அங்கே செய்யப்போகிறேன்? அல்மாட்டியை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அம்மாதான் வழி சொன்னாள். "அவங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசிட்டு அப்புறம் கேளு. யாருடா முகத்தைத் திருப்பிப்பாங்க?" என்றாள். அதனால் இப்போது ரஷ்ய நோட்டின் பின்பக்கத்தில் கசாக் ஏறிக்கொண்டிருக்கிறது. 'சலெமெத்சிஸ் பெ' என்றால் வணக்கம். 'ரஹ்மெத்' என்றால் நன்றி. முதலில் அவர்கள் மொழியில் வணக்கம், பிறகு "ரஷ்யத்தில் பேசலாமா?" என்ற கேள்வி. 'வேண்டாம்' என்பவரிடம் 'ரஹ்மெத்' சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

நண்பர்களே, ஜப்பானியமோ ஜெர்மனோ, நீங்களும் ஒரு மொழி பழகக் கிளம்பலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே கடைக்காரரும் டிரைவரும் அந்த மொழியில் பேசுவார்களா? நம்மவர் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளாமல் இருப்போமா? அந்த மொழி அந்த மண்ணுக்கு எப்படி வந்தது? முதல் இரண்டுக்கும் பதில் விசாரித்தால் கிடைக்கும். மூன்றாவதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி செமஸ்டர் முடிந்ததும் டிக்கெட். விசா விதியை மட்டும் கிளம்பும் முன் மறுபடி சரிபார்க்க வேண்டும். அல்மாட்டிச் சந்தையில் ஒரு கிலோ ஆப்பிளை ரஷ்யத்தில் பேரம் பேசி வாங்குவதுதான் எனக்கு பிராக்டிகல் எக்ஸாம். பாஸா ஃபெயிலா என்று வந்து சொல்கிறேன்.

தஸ்விதானியா!