லேயர்களில் இருந்த பெயர்கள்

அமெரிக்காவில் யாரோ ஒரு பிள்ளை பிரவுசரில் விளையாடிய விளையாட்டில் வடக்கனந்தல் தவளைகள் கத்தின. 2009 ஐப்பசி மழைக்கு ஊர் வந்திருந்தபோது, கோமுகி வாய்க்கால் ஓரம் செல்போனை நீட்டிப் பிடித்து நான் பதிந்த சத்தம் அது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் காற்றும், கரும்புத் தோட்டத்தில் சோகை உரசுவதும் அதில் சேர்ந்தே கேட்கும். அந்த உரசலை நீக்கச் சொன்னார்கள். ஒலியைப் பார்த்துக்கொண்ட மதுரைத் தம்பி, "இருக்கட்டும்ணே, இதுதான் மழை" என்று அப்படியே விட்டுவிட்டான்.

அப்போது சென்னை வளசரவாக்கத்தில், ஒரு வீட்டு மாடியில் நடந்த சின்ன நிறுவனத்தில், ஃபிளாஷ் விளையாட்டுகளுக்கு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். கணினிச் சூடும் கீழ்க்கடை வடை எண்ணெயும் கலந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. படங்களை வரைந்து அசைத்தவர் ஆத்தூர் அக்கா. தவளை குதிக்கக் காலை மடக்கும் அந்த ஓர் அசைவுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தானே குந்தி எழுந்து பார்த்து, முழங்காலைத் தடவியபடி வந்து உட்கார்ந்து மறுபடி கீஃப்ரேம் போடுவார். முடிந்த விளையாட்டு ஒரு மெகாபைட்கூட இருக்காது. மெதுவான இணையத்திலும் திறக்கும். வாங்கிய தளத்தின் முத்திரை முகப்பில் வரும். எங்கள் பெயர் எங்கும் வராது.

2010 ஏப்ரல் 29 அன்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை. பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டை, தொடுதிரைக்கு ஏற்றதல்ல என்றார். அவர் சொன்ன குறைகள் உண்மைதான், தினமும் அவற்றோடுதான் மல்லுக்கட்டினோம். அக்கா கேட்டது வேறு. "அப்ப நம்ம ஃபைலெல்லாம் என்ன தம்பி ஆகும்?"

மறுவருடம் நவம்பரில், ஃபிளாஷுக்குச் சொந்தக்காரரான அடோபியே கைபேசி ஃபிளாஷைக் கைவிட்டது. ஆர்டர் குறைந்தது, சம்பளம் பத்தாம் தேதிக்குப் போனது, பிறகு இருபதாம் தேதிக்கு. 2014 மார்ச் 31 அன்று, விளையாட்டுக்குள் விளம்பரம் போட்டுச் சிறு குழுக்களுக்குக் காசு தந்துகொண்டிருந்த மோச்சி மீடியா மூடியது. அடுத்தது எங்கள் மாடி. திங்கட்கிழமை காலை போனோம், கணக்கு முடித்தார்கள், வேண்டிய கோப்புகளை நகல் எடுக்க மதியம் வரை நேரம் தந்தார்கள், சாயங்காலம் மேசைகள் பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டன.

அந்த அக்டோபரில்தான், ஃபிளாஷின் இடத்தைப் பிடித்த எச்டிஎம்எல்5 முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. நான் ஜாவாஸ்கிரிப்ட் படித்து, வங்கிகளுக்குப் படிவத் திரை செய்யும் வேலைக்குப் போனேன். மதுரைத் தம்பி கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் போனான். அக்கா கொஞ்ச காலம் கணினிவழிப் பாடம் தயாரிக்கும் இடத்தில் இருந்தார். அங்கும் ஃபிளாஷை எடுத்தபோது ஊர் திரும்பி, பிளெக்ஸ் பேனர் வடிவமைக்கத் தொடங்கினார். காலத்துக்கேற்ப மாறு என்கிறார்கள். மாறினோம். ஆனால் ஓர் உடல் தன் எடையைத் தூக்கிக்கொண்டு எப்படி எழும்புகிறது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்ததே, அந்த அறிவுக்கு அடுத்து வந்த எந்த வேலையிலும் கூலி கிடைக்கவில்லை. இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

ஊரடங்கில் வடக்கனந்தலுக்கே வந்துவிட்டேன். 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது. ஃபார்ம்வில் பண்ணை விளையாட்டும் அன்றே மூடியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓட்டாதபடி அடோபி தடுத்தது. போகிக்கு முந்தின நாள் அது. வீடெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம். திண்ணையில் உட்கார்ந்து எங்கள் விளையாட்டைத் திறந்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. "பழசெல்லாம் எடுத்து வெளிய போடுடா" என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். பழைய பாய்களைக் கொண்டுபோய்ப் போட்டேன், ஹார்டு டிஸ்கை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

முகம் தெரியாத சிலர் எங்களுக்கு முன்பே விழித்திருந்தார்கள். 2018 முதல் ஃபிளாஷ்பாயின்ட் என்ற தன்னார்வத் திட்டம் இத்தகைய விளையாட்டுகளை ஆயிரக்கணக்கில் சேமித்துவந்தது. ரஃபிள் என்ற மென்பொருள், பழைய பிளேயர் இல்லாமலே அவற்றில் பலவற்றை இன்றைய பிரவுசரில் ஓட்டுகிறது. அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. அந்தச் சேமிப்பில் எங்கள் தவளையும் இருந்தது, வாங்கியவர் முத்திரையோடு.

ஆனால் மூலக் கோப்பான எஃப்எல்ஏவில் லேயர்கள் உண்டு. விளையாட்டாக மாற்றும்போது அவற்றின் பெயர்கள் கழன்றுவிடும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று நாங்கள் அவற்றில் எங்களையே எழுதி வைத்திருந்தோம்: 'ஆத்தூர் கால்', 'மதுரை மழை'. அடோபி அனிமேட்டில் அந்தக் கோப்புகள் இன்னும் திறக்கின்றன. ராத்திரி வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து, எதை யார் செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அரவைக் காலமென்றால் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையிலிருந்து பாகு வாசம் ஜன்னல் வழியே வரும்.

ஒரு கோப்பில் தாமரை இலைகள் இருக்கும் லேயரின் பெயர் 'புதுசு'. பயிற்சிக்கு வந்து சில மாதங்களில் நின்றுவிட்ட பெண் வரைந்தவை. இலை நரம்புகளை அவ்வளவு பொறுமையாக இழுத்திருக்கிறாள். அவள் பெயர் எனக்கு நினைவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் பேனர் அச்சடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"திண்டிவனத்துப் பொண்ணு தம்பி. எனக்கும் பேரு வரமாட்டேங்குது. பழைய அக்கவுன்டன்ட் நம்பர் இருக்கு, கேக்குறேன். சம்பள ரெஜிஸ்டர்ல இல்லாமயா போயிடும்?"